ஜகதீச சந்திர போஸின் மின்பொறி

ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் என்றதும் நம்மவரிற் பெரும்பாலோர்க்குச் செடிகொடிகளின் உணர்ச்சியே நினைவுக்கு வரும். அதற்கு முன் மின்சார சாஸ்திரத்தில் அவர் செய்த வேலையை அறிந்தார் சிலரே.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி வங்காளத்தில் பிறந்த அவரை, சர்க்கார் உத்தியோகஸ்தரான தகப்பனார் பகவான் சந்திரர், முதலில் வங்காளி மொழிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய போஸ், 1885-இல் கல்கத்தா பிரெஸிடென்ஸி கலாசாலையில் ஆசிரியரானார். வெள்ளையர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அக்காலத்தில் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்ற சாக்கில் அவருக்கு அதிலும் பாதி! தகப்பனாரோ கடன்பட்டிருந்தார். ஆயினும் போஸ் மூன்று வருஷம் ஒரு காசும் பெறாமல், ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார். சென்னையில் வைத்தியம் பயின்ற அபலா அம்மையார் 1887-இல் அவரை மணந்து அக்கஷ்டத்தில் பங்குகொண்டார். முடிவில் சர்க்கார் முழுச் சம்பளத்தையும் பாக்கியுடன் கொடுத்தது.

ஆராய்ச்சிக்குத் தக்க சாலை கலாசாலையில் இல்லை. ஒரு சிற்றறையில், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரைக் கொண்டே போஸ் தம் கருவிகளைச் செய்வித்தார். அவற்றுள் முதன்மையானது மின்பொறி எழுப்பும் கருவி. இரும்பின்மேல் தடித்த கம்பியைச் சில சுற்றும், மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றும் சுற்றியது தூண்டு சுருள். சிறிய மின்கலத்திலிருந்து தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென அறுத்தால், மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் பெரிதாய் எழும்; ஓட்டமோ மிகச் சொற்பம். செலுத்திய சக்தியை மிஞ்சி ஒன்றும் வெளிவராது அல்லவா? அந்த அழுத்தத்தால் உலோக உருண்டைகளின் இடையே பொறி பாயும். பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்பும்.

மேனாட்டார் சுருள்களில் ஓட்டத்தை அறுக்க ஓயாது துடிக்கும் ஒரு தகடு இருந்தது. பொறிகள் சரமாரியாகப் பாய்ந்து உருண்டையின் மேற்பரப்பைக் கரடாக்கின. அலை ஒழுங்கு கெட்டது. போஸ் அத்தகட்டையே நீக்கிவிட்டார். சாவியால் ஓட்டத்தை ஒருமுறை அறுத்தால் ஒரே ஒரு பொறி. அளவிடுவதற்கு அதுவே போதும். உருண்டைக்கு எளிதில் அரிக்கப்படாத பிளாட்டினத்தைக் கொண்டார். வேண்டாத அலை கசியாதபடி சுருளையும் கலத்தையும் இரட்டைச் சுவர் உலோகப் பெட்டியில் அடைத்தார். இச்சிறு பெட்டியால் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, அவை ஒளியைப் போலவே நடப்பதைக் காட்டினார்.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவ்வலைகள் சுவரை ஊடுருவி மணியை அடித்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக் கேட்டது.

மார்க்கோனி அவர் புகழைத் திருடினார் என்று நம்மவர் சிலர் வழக்காடுகிறார்கள். அவ்வழக்கு நிற்காது. மார்க்கோனி நாடியது தந்திச் செய்தி. போஸ் நாடியது அலையின் இயல்பு. தவிர, உரிமை கேட்கவே விரும்பாதவர் போஸ். நண்பர்கள் வற்புறுத்தியதன் பேரில் அலையை உணரும் தம் கருவிக்கு 1904-இல் அமெரிக்கப் பேட்டண்ட் கிடைத்தும், அதைக்கொண்டு பணம் தேடவில்லை. 1917-இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் நிறுவிய ஆராய்ச்சி மந்திரத்தைத் தேசத்துக்கு விட்டு, 1937 நவம்பர் 23-ஆம் தேதி கிரிடீயில் காலமானார்.