வகுத்தலில் வியப்புக் கண்ட மேதை

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வேண்டின், வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக என்பது பள்ளியில் நாம் கற்கும் விதி. விதியை மனனம் செய்வோர் பலர். காரணம் வினவுவோர் சிலர். அச்சிலருள் தலையாயவர் கணித மேதை சீனிவாச இராமானுசன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் பழங்களைப் பங்கிட்டு விளக்கியபோது, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா எனச் சிறுவன் இராமானுசன் வினவியதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். எவ்வெண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினும் பூச்சியமே வருமாதலின், அவ்வகுத்தலுக்கு ஒரே விடையை வரையறுத்தல் இயலாது. விதியின் எல்லையையே தொட்ட வினா அது!

கணிதத்தில் மூழ்கிய அவர் பிற பாடங்களில் பின்தங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும், 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். பட்டமின்றி வேலை தேடி அலைந்தவர், 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். தாளுக்கு வசதியின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழிப்பார்.

அவர் நெஞ்சை ஈர்த்தவற்றுள் ஒன்று தொடர்பின்னம். அதன் உயிர்நாடி வகுத்தலே. நாழியில் பாதி உரி. கால் பங்கு உழக்கு. உரி அரிசியை உழக்கால் அளந்தால் இருமுறை வரும். அரையைக் காலால் வகுக்கக் கிடைப்பது இரண்டு. ஒரு நாழிக்கு நான்கு உழக்காதலின், காலால் வகுத்தல் நான்கால் பெருக்கலாகிறது. தலைகீழாக்கும் விதியின் காரணம் இதுவே. பதினேழை ஐந்தால் வகுத்தால் மூன்று போக எஞ்சுவது ஐந்தில் இரண்டு. அதனைத் தலைகீழாக்கினால் இரண்டரை. அதில் எஞ்சும் அரையைத் தலைகீழாக்கினால் இரண்டு. இவ்வாறு எஞ்சியதைக் கவிழ்த்துக் கவிழ்த்துச் செல்வதே தொடர்பின்னம். முடிவின்றி நீளும் அத்தகைய பின்னங்களுக்குத் தாம் கண்ட மதிப்புகளை 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு மடலில் எழுதினார். ஹார்டி வியந்து நின்றார்.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு நண்பர் மகலனோபிஸ் இதழொன்றில் கண்ட வீட்டெண் புதிரைப் படித்துக்காட்ட, சமைத்துக்கொண்டே தொடர்பின்னம் ஒன்றை விடையாகக் கூறினார். அவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் விடை அதில் அடங்கியிருந்தது. 1918இல் எஃப்.ஆர்.எஸ். சிறப்புப் பெற்ற அவர், நோயுற்றுத் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் மறைந்தார்.

தேர்வில் தோற்றவரெல்லாம் அறிவில் தோற்றவரல்லர். ஏன் என்று வினவும் மாணவனை வாயடைக்காதிருத்தல் ஆசிரியர் கடன். வினவத் தயங்காதிருத்தல் மாணவர் கடன். இவ்விரண்டும் கூடும் வகுப்பறையே அறிவு வளரும் இடம்.