மண்ணை ஒட்டி அளந்தவர்

வாளையாறு தாண்டினால் பாலக்காடு. அங்கே 1900-இல் பிறந்தவர் எல்.ஏ. ராமதாஸ். இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். நம் கல்லூரித் தம்பி தங்கைகள் பலருக்கு இவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டியவருங்க.

கல்கத்தாவில் சர் சி.வி. ராமனின் மாணவர். 1926-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். 1932-இல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியபோது பொறுப்பு இவரிடம் வந்தது.

அன்றைக்கு வானிலை என்றால் நாலடி உயரத்தில், மரக்கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதுதான். பயிரோ தரையை ஒட்டி முளைக்கிறது! ராமதாஸ் கருவிகளைக் கீழே இறக்கினார். காற்றும் மேகமும் இல்லாத இரவில், வெறும் மண்ணுக்கு மேலே ஓரிரு சாண் உயரத்தில்தான் குளிர் அதிகம் என்று 1932-இல் ஆத்மநாதனுடன் சேர்ந்து எழுதினார். பாடப்புத்தகப்படி தரைதான் அதிகக் குளிராக இருக்கணும். அதனால் பலர் நம்பவில்லை. கருவிக் கோளாறு என்றார்கள். பிற்பாடு மற்றவர்கள் அளந்தபோதும் அதே விடைதான் வந்தது. ராமதாஸ் அடுக்கு என்று பெயரும் நிலைத்தது. 1993-இல் ரொத்தம் நரசிம்மா குழுவினர் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார்கள்.

மண் ஈரத்தையும் அவர் விடவில்லை. பகலில் ஈரத்தை இழக்கும் மேல்மண், இரவில் காற்றிலிருந்து கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்வதை அளந்து காட்டினார்.

இதனால் என்ன பயன்? மழை ஓய்ந்த முதல் சில நாள், வெயிலும் காற்றும் கேட்கும் நீரை மண் அப்படியே கொடுத்துவிடும். மேல்மண் காய்ந்த பிறகு, கீழிருந்து எவ்வளவு ஏறி வருதோ அவ்வளவுதான் ஆவியாகும். அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் 1931-இல் தந்த சமன்பாட்டை வைத்து இன்று கணினியே இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது. ஆனால் தரைமட்டத்தில் நடப்பதைத் தப்பாகக் கொடுத்தால் விடையும் தப்புதான். சூலூர், சுல்தான்பேட்டை பக்கம் மானாவாரிச் சோளம் விதைக்கிறவருக்கு அந்த ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பதில்தான் பிழைப்பே இருக்கு.

1958-இல் பத்மஸ்ரீ பெற்ற ராமதாஸ் 1979-இல் மறைந்தார். மாணவ நண்பர்களே, ப்ராஜக்ட் செய்யும்போது கணினி அறையோடு நின்றுவிடாதீங்க. ஒரு வெப்பமானியை எடுத்துக்கிட்டு நம்ம காட்டுக்குள்ளே இறங்கி, கொஞ்சம் குனிஞ்சும் அளந்து பாருங்க.