படமே போடாத மெக்கானிக்ஸ் மேதை

மெக்கானிக்ஸ் என்றாலே நமக்குப் பென்சிலும் ஸ்கேலும்தான் ஞாபகம் வரும். படம் போடாமல் விடை எழுதினால் எந்த வாத்தியார் மார்க் போடுவார்? ஆனால் ஒரு மனிதர் மெக்கானிக்ஸ் முழுவதையும் ஒரே பெரிய புத்தகமாக எழுதி, இதில் ஒரு படம்கூடக் கிடையாது என்று முன்னுரையிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். 1788-ல் பாரிஸில் வந்த 'மெக்கானிக் அனலிட்டிக்' அந்தப் புத்தகம். எழுதியவர் ஜோசப் லூயி லக்ராஞ்ச்.

இவரைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரால். அவர் எம்.இ. படிக்கிறார். ரோபாட் கையை மாடல் செய்வது, கன்ட்ரோல் செய்வது என்று ஒரு பேப்பர். முதல் மாதம் ரோபாட்டைக் கண்ணில்கூடக் காட்டவில்லையாம், வெறும் லக்ராஞ்ச் சமன்பாடுதானாம்! எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். டிப்ளமோ முடித்ததும் வேலைக்கா, மேலே படிப்பதா என்று வீட்டில் தினமும் பேச்சு. அப்படி என்னதான் இருக்கு அந்தப் படிப்பில் என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

லக்ராஞ்ச் பிறந்தது 1736 ஜனவரி 25-ல், இன்று இத்தாலியில் இருக்கும் டூரின் நகரில். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். அவரோடு சேர்த்து இரண்டு பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். அப்பா அரசாங்கத்தின் பொதுப்பணி, கோட்டைக் கட்டுமான அலுவலகத்தில் பொருளாளர். வசதியான குடும்பம்தான், எதிலோ பணத்தைப் போட்டு இழந்துவிட்டார்கள். மகன் வக்கீல் ஆகட்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனோ ஹாலி (வால்நட்சத்திர ஹாலியேதான்) எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுக் கணக்கில் விழுந்தார். பெரும்பாலும் தானாகவே படித்தது. 1755-ல், 19 வயதில், பெர்லினில் இருந்த மாமேதை ஆய்லருக்கே கடிதம் எழுதினார். ஆய்லர் படம் வரைந்து சுற்றி வளைத்துச் செய்த ஒரு வகைக் கணக்கைப் படமில்லாமல் முடிக்கும் வழி அதில் இருந்தது. ஆய்லர் பாராட்டிப் பதில் போட்டார். அதே வருஷம் டூரின் பீரங்கிப் படைப் பள்ளியில் வாத்தியார் வேலை! நம்மைவிட ஒரு வயசுதான் கூட. மாணவர்கள்தான் பாவம். பீரங்கியையும் கோட்டையையும் விட்டுவிட்டு இவர் கணக்கிலேயே மிதந்ததால் திண்டாடினார்களாம்.

1766-ல் ஆய்லர் விட்டுப்போன இடத்துக்கே பெர்லின் அகாடமி இவரை அழைத்தது. 20 வருஷம் அங்கே இருந்தார். 1783-ல் மனைவி இறந்தார். 1787-ல் பாரிஸுக்கு வந்தபோது மனம் மிகவும் சோர்ந்திருந்தது. அச்சாகி வந்த தன் புத்தகத்தையே இரண்டு வருஷம் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தார் என்று சொல்வார்கள்.

சரி, அந்தப் புத்தகத்துக்கும் ரோபாட்டுக்கும் என்ன சம்பந்தம்? தோள், முழங்கை என இரண்டு மூட்டு உள்ள ஒரு கையை எடுத்துக்கொள்வோம். நம்ம முறைப்படி ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பிரித்து ஃப்ரீ பாடி டயகிராம் போட வேண்டும். மூட்டில் இருக்கும் பின் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாத விசைகள் வரிசையாக வந்து நிற்கும். ஆறு மூட்டு என்றால் தலை சுற்றிவிடும். லக்ராஞ்ச் வழியில் எந்த மூட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணங்கள் போதும். கை முழுவதின் இயக்க ஆற்றலை எழுதி, நிலை ஆற்றலைக் கழித்து, வகையிட வேண்டும். மூட்டுக்கு ஒரு சமன்பாடு வரும். அந்த மூட்டின் மோட்டார் தர வேண்டிய டார்க் அதில் கிடைத்துவிடும். உராய்வில்லாத பின்னின் விசை வேலை எதுவும் செய்யாததால் கணக்குக்குள்ளேயே வராது!

வந்த சமன்பாட்டைப் பார்த்தால் பாதி நமக்குத் தெரிந்த சமாச்சாரம். கை நீண்டால் தோள் மோட்டாருக்குச் சுமை கூடும். லோடுமேன் வேலை பார்க்கும் எங்கப்பா மூட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிப்பது இதற்காகத்தானே! மீதிப் பாதிதான் புதுசு. முழங்கையை வெடுக்கென்று ஆட்டினால், சும்மா நிற்க வேண்டிய தோளும் இழுபடும். மெதுவாக ஓடும்போது இது அவ்வளவாகத் தெரியாது. வேகம் கூட்டினால் கை பாதையை விட்டு விலகும். அந்த இழுப்பை முன்கூட்டியே கணக்கிட்டு அதற்கும் சேர்த்து டார்க் கொடுப்பதுதான் எம்.இ.யில் படிக்கும் கன்ட்ரோல். (ஓடுகிற ரோபாட்டுக்குள் சீக்கிரம் கணக்கிட நியூட்டன்-ஆய்லர் முறையையும் வைத்திருக்கிறார்கள். ஆய்லர் விடவில்லை பாருங்கள்!)

இதற்கு வேண்டிய பார்ஷியல் டிஃபரன்சியேஷன் நாம் முதல் வருஷமே படித்ததுதான். இரண்டு மூட்டுக் கைக்கு நானே போட்டுப் பார்த்தேன். மூன்று பக்கம் போனது, விடை அண்ணன் நோட்டோடு ஒத்து வந்தது. லேட்டரல் என்ட்ரி பற்றி அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. ரிசல்ட் வந்ததும் பேச வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சியில் லக்ராஞ்ச் தலை தப்பியதே பெரிய விஷயம். 1793-ல் எதிரி நாடுகளில் பிறந்தவர்களைக் கைது செய்யச் சட்டம் வந்தபோது, வேதியியல் மேதை லவாய்சியே தலையிட்டு விலக்கு வாங்கிக் கொடுத்தார். காப்பாற்றிய லவாய்சியேயை 1794 மே 8-ல் கில்லட்டினில் கொன்றார்கள். அதே 1794-ல் பாரிஸில் எஞ்சினியர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. அடுத்த வருஷம் அதற்கு எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் மாறியது. ஆம் நண்பர்களே, பாலிடெக்னிக்! அதன் முதல் கணிதப் பேராசிரியர்களில் ஒருவர் லக்ராஞ்ச்.

எழுபது தாண்டியும் தன் புத்தகத்தைத் திருத்தி விரிவாக்கிக் கொண்டிருந்தார். புதிய பதிப்பின் முதல் பாகம் 1811-ல் வந்தது. இரண்டாம் பாக வேலை முடிவதற்குள் 1813 ஏப்ரல் 10-ல் பாரிஸில் காலமானார். அந்தப் பாகத்தை 1815-ல் மற்றவர்கள் வெளியிட்டார்கள்.