யூஸுபுக்கு வந்த பெயர்

நமது பாடசாலை வரவு இடாப்புகளில் ஒரே பெயரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள் என்றால் அது ஸலாஹுத்தீன்தான். சலாவுதீன், சலாகுதீன், ஸலாஹுதீன். என் வகுப்புப் பிள்ளை ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் 'ஸலா' தனியாகவும் 'உதீன்' தனியாகவும் இருக்கிறது. அரபியில் 'உதீன்' என்று ஒரு சொல்லே இல்லை. ஸலாஹ், அத்தீன் என்ற இரண்டும் சேரும்போது முதற்சொல்லின் கடைசி உகரம் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். தீன் என்றால் மார்க்கம். ஸலாஹ் என்றால் சீராக இருத்தல், நேர்மை. தொழுகையைக் குறிக்கும் ஸலாத் வேறு சொல். ஸாலிஹ், இஸ்லாஹ், சமாதான உடன்பாட்டைக் குறிக்கும் ஸுல்ஹ் எல்லாம் ஸலாஹின் வேரில் வந்தவை.

இது அவருக்குப் பிறக்கும்போது வைத்த பெயர் அல்ல. பெயர் யூஸுப். ஈராக்கின் திக்ரீத் கோட்டையில், ஹிஜ்ரி 532இல் ஒரு குர்திஷ் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் அய்யூப். 'தீன்' என்று முடிபவை அக்காலத்தில் பெரியவர்களுக்கு வழங்கிய லகபுகள், அதாவது பட்டப்பெயர்கள். தகப்பனார் நஜ்முத்தீன், சாச்சா ஷீர்கூஹ் அஸதுத்தீன், அவர்கள் சேவை செய்த ஆட்சியாளர் மஹ்மூத் நூருத்தீன். மார்க்கத்தின் நட்சத்திரம், சிங்கம், ஒளி என்று அந்த அரசவை முழுக்கப் பட்டங்கள்தான். ஆகவே பட்டம் இருந்ததை வைத்து ஒருவரை எடை போட முடியாது.

சாச்சாவுடன் எகிப்துப் படையெடுப்புக்குப் போகவே யூஸுபுக்கு விருப்பம் இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1169இல் சாச்சா வபாத்தாக, முப்பது வயதைக் கடந்திருந்த இவர் எகிப்தின் வஸீரானார். 1171இல் பாத்திமிய கிலாபத் முடிவுக்கு வந்தது. 1174இல் நூருத்தீன் மறைந்த பிறகு வந்த பன்னிரண்டு வருடங்களை நமது மேடைப் பேச்சாளர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர் போரிட்டது முஸ்லிம் ஆட்சியாளர்களோடு. ஹலப் 1183இல்தான் கைக்கு வந்தது, மோஸுல் 1186இல் பணிந்தது. 'முஸ்லிம்களோடும் சண்டை பிடிச்சாரா சேர்?' என்று பிள்ளைகள் கேட்டால் ஆம் என்றுதான் சொல்வேன். சிதறிக் கிடந்த நாடுகளை ஒன்றாக்காமல் பைத்துல் முகத்தஸை மீட்டிருக்க முடியாது என்பது உண்மை. அதில் தன் குடும்பத்தின் ஆட்சியும் வளர்ந்தது என்பதும் உண்மை.

1187 ஜூலையில் ஹித்தீனில் சிலுவைப்படை உடைந்தது. அங்கே பிடிபட்ட டெம்ப்ளர், ஹொஸ்பிட்டலர் வீரர்களைக் கொல்லச் செய்தார். இதையும் மறைக்கத் தேவையில்லை. அதே வருடம் ஒக்டோபர் 2, ரஜப் 27 அன்று பைத்துல் முகத்தஸ் திறந்தது. 1099இல் அதே நகரை எடுத்த சிலுவைப்படையினர் உள்ளே இருந்தவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். இவரோ ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என்று ஈட்டுத்தொகை வைத்து வெளியேற விட்டார். இயலாத முதியோரைச் சும்மாவே விடுவித்தார். அவருடைய தம்பி அல்ஆதில் ஆயிரம் பேரைக் கேட்டு வாங்கி விடுதலை செய்தார். அப்படியும் பணமில்லாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகவே போனார்கள்.

என்னைக் கேட்டால், பெயருக்கு மிகவும் பொருந்திய செயல் 1192 செப்டெம்பரில் நடந்தது. முந்திய வருடம் அக்கா நகரம் வீழ்ந்திருந்தது. அங்கே சிறைபட்ட முஸ்லிம்களை ரிச்சர்ட் மன்னர் இரண்டாயிரத்துக்கு மேல் கொன்றிருந்தார். அந்த ரிச்சர்டோடுதான் ரம்லாவில் மூன்று வருட ஸுல்ஹ் செய்தார். கரையோரம் அவர்களுக்கு, பைத்துல் முகத்தஸ் நமக்கு, ஆயுதமின்றி வரும் கிறிஸ்தவ யாத்திரிகருக்கு வழி திறந்திருக்கும். பழிவாங்கும் நியாயம் கையில் இருந்தவர் அதைக் கீழே வைத்தார்.

ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்திருந்தார், நிறைவேறவில்லை. 1193 மார்ச் 4 அன்று திமிஷ்கில் வபாத்தானார். கூடவே இருந்த காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். எகிப்தையும் ஷாமையும் ஆண்டவரின் கஜானாவில் இருந்தது 47 திர்ஹமும் ஒரு பொற்காசும். வீடோ தோட்டமோ இல்லை. ஸகாத் கடமையாகும் அளவுக்கு அவரிடம் செல்வம் சேர்ந்ததே இல்லை. ஜனாஸாச் செலவுக்கு, மண் குழைக்கும் வைக்கோலுக்குக்கூட, கடன் வாங்கினார்கள்.