மைதானத்தில் வகுப்பெடுத்த ஆசான்

ஹைதராபாத் என்றதும் சார்மினாரும் முத்து வாணிகமும் நிஜாமின் செல்வ வளமும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரம் ஒரு காலத்தில் கல்கத்தாவுக்கு நிகராக இந்தியக் கால்பந்தின் தலைநகராய்த் திகழ்ந்தது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். அந்தப் பெருமையை அந்நகருக்குத் தேடித் தந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஆட்டக்காரர்களுக்கு அவர் ரஹீம் சாகிப்.

2024 ஏப்ரலில் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. ரஹீம் சாகிபின் வாழ்வைத் தழுவி எடுக்கப்பட்ட அப்படத்தில் அஜய் தேவ்கன் அவராக நடித்தார், நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த மாணவர் இருவர், இப்படி ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தாரா, அல்லது கதைக்காகப் படைக்கப்பட்டவரா என்று என்னிடம் வினவினர். தமிழ் ஆசிரியனிடம் கேட்கும் வினாவா இது என்று சிலர் எண்ணலாம். மாலை வேளைகளில் மைதானத்தின் ஓரத்தில் நின்று மாணவர் ஆட்டத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு; அதனால் என்னிடம் வந்தனர் போலும். அவ்வினா என்னை வருத்தியது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா பெற்ற தங்கப் பதக்கங்கள் இரண்டே. இரண்டும் இம்மனிதர் பயிற்றுவித்த அணிகள் பெற்றவை. அத்தகையவர் கற்பனையோ என்று ஐயுறும் அளவுக்கு நாம் அவரை மறந்திருக்கிறோம். அன்று நான் சுருக்கமாகச் சொன்ன விடையை இம்மலரில் சற்று விரித்துரைக்கிறேன்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அதன் அணியில் பந்தாடினார். பின்னர் உள்ளூர்க் கழகங்களிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர்தாம், ஆயினும் ஆட்டக்காரராக மட்டும் இருந்து மறைந்திருந்தால் அவர் புகழ் அந்நகர எல்லையைத் தாண்டியிராது. வாழ்க்கைத் தொழிலாக அவர் ஏற்றது ஆசிரியப் பணி. காச்சிகுடா, தாருல் உலூம், சாதர்காட் பள்ளிகளில் மாணவர்க்குப் பாடம் சொன்னார். உடற்பயிற்சிக் கல்வியிலும் முறையாகத் தேர்ச்சி பெற்றார். 1940களில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்று, இறுதிவரை அதனைத் தாங்கினார். வகுப்பறையில் பழகிய கண் மைதானத்திலும் அவருக்குத் துணை நின்றது. எந்த மாணவனுக்கு எது வராது என்பதை முதலில் கண்டுகொள்பவனே நல்லாசிரியன். ரஹீம் அந்த வகையைச் சேர்ந்தவர்.

அவர் கையாண்ட முறைகளைக் கேட்டால் வியப்பு மேலிடும். வலக்காலால் மட்டுமே உதைத்துப் பழகிய இளைஞர்களை இடக்காலால் மட்டுமே ஆட வைத்து, அதற்கெனத் தனிப் போட்டிகளையே நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடுவதில் அக்கால ஆட்டக்காரர்க்குப் பெருமோகம் இருந்தது. பார்வையாளரும் அதற்கே கைதட்டினர். ரஹீமோ, பந்து வந்தவுடன் பக்கத்தில் உள்ள தோழனுக்குத் தட்டிவிட வேண்டும், வெட்டி ஓடுதல் கூடாது என்ற விதியோடு போட்டிகள் வைத்தார். தனி மனிதத் திறமையைக் கண்டு மயங்கும் கூட்டத்தின் நடுவே, பகிர்ந்து ஆடுவதே ஆட்டம் என்று சிறுவர்களுக்கு விதிமுறையாலேயே கற்பித்த துணிவு எளிதன்று. இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரு மைதானம், ஒரு பந்து, கண்டிப்பான ஓர் ஆசிரியர் போதும். இன்று பல்லாயிரம் ரூபாய் கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களில் இவற்றையே புதுமை போலச் சொல்லித் தருகின்றனர்.

1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டே அவ்வணி மோகன் பகானை வென்று டூரண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. பம்பாயில் நடைபெற்று வந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. சந்தோஷ் கோப்பைக்கான மாநிலப் போட்டியிலும் ஹைதராபாத் 1956–57, 1957–58 ஆகிய ஈராண்டுகளில் வாகை சூடியது. நூர் முகமது, அசீசுத்தீன், அகமது உசேன், சுல்பிகருத்தீன் என அந்நகரத்துத் தெருக்களில் பந்துதைத்த இளைஞர்கள் இந்திய அணியில் இடம்பெற்றனர்.

அவ்வரிசையில் துளசிதாஸ் பலராமின் கதை தனியே சொல்லத்தக்கது. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழ்மையான தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். நாள்தோறும் அவ்வளவு தொலைவு வந்து செல்லப் பையனிடம் காசில்லை. வாடகைக்கு ஒரு மிதிவண்டி எடுத்துக்கொள்ளுமாறு சொல்லி, அதற்கான பணத்தை ரஹீம் கொடுத்தார். அவர் செல்வந்தர் அல்லர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அந்தப் பையன்தான் பின்னாளில் ரோம் ஒலிம்பிக்கில் வலிமை மிக்க ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர்.

இந்திய அணிக்கு அவர் பயிற்சியளித்த காலத்தில் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில், சைலேன் மன்னாவின் தலைமையில் ஆடிய இந்தியா, இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கியில் பேரிடி விழுந்தது. குளிர்ந்த நாட்டின் புல்தரையில் வெறுங்காலோடு ஆடிய நம்மவர் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்ற கணக்கில் தோற்றனர். வெறுங்கால் ஆட்டத்தை நம் வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடிய காலம் அது. அத்தோல்விக்குப் பின் பூட்சு கட்டாயமாக்கப்பட்டது. தோல்வியை ரஹீம் பாடமாகக் கொண்டார் என்பதற்கு நான்காண்டுகள் கழித்து வந்த மெல்போர்ன் சான்று.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் விருந்தளித்த ஆஸ்திரேலியாவை இந்தியா 4–2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவை மீண்டும் எதிர்கொண்டபோது, முதற் கோலை அடித்தது இந்தியாவே! இறுதியில் 4–1 எனத் தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் அந்த நான்காம் இடத்தை இந்தியா பின்னர் எட்டவே இல்லை. 1960 ரோமில் பி.கே. பானர்ஜி அடித்த கோலால் முன்னிலை பெற்று, பிரான்சோடு 1–1 எனச் சமன் செய்தோம். அந்த அணியில் ரஹீமின் மைந்தர் சையத் ஷாகித் ஹக்கீமும் இருந்தார். ரோமுக்குப் பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியதே இல்லை.

இனி ஜகார்த்தா. ரஹீம் சாகிபை நினைப்போர் யாவரும் வந்து நிற்கும் இடம் அது.

1962இல் அங்கு ஆசியப் போட்டிகள் நடந்தன. இஸ்ரேல், தைவான் நாட்டினர் வருவதற்கு இந்தோனேசியா இசையவில்லை. அப்படியானால் இவற்றை ஆசியப் போட்டிகள் என்றே அழைக்கலாகாது என்ற கருத்தை இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு நிருவாகி ஜி.டி. சோந்தி வெளியிட்டார். அதனால் மூண்ட சினம் இந்தியத் தூதரகத்தின் மீதே பாய்ந்தது. அச்சினத்தை மைதானத்தில் தாங்கவேண்டியிருந்தவர்கள் நம் ஆட்டக்காரர்கள். தங்கள் பேருந்தில் தலை குனிந்து மறைந்து சென்ற கதையை அவர்கள் முதுமையிலும் சொல்லி வந்தனர்.

அணியின் நிலையும் நன்றாயில்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. தாய்லாந்தை 4–1 என வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட நேர்ந்தது. ஜப்பானை 2–0 என்று வென்றாயிற்று. அரையிறுதியில் தென் வியட்நாம் காத்திருந்தது. தலையில் கட்டோடு இருப்பவரைத் தடுப்பாட்டத்தில் நிறுத்த இயலாது. வெளியில் அமர்த்தவோ மனமில்லை. ரஹீம் அவரை முன்கள நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்! ஜர்னைல் இளமையில் முன்கள ஆட்டக்காரராக இருந்தவர் என்பது ஆசானின் நினைவில் இருந்தது. சூனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று என 3–2 கணக்கில் இந்தியா வென்றது.

செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். எதிரணி, முதல் ஆட்டத்தில் நம்மை வீழ்த்திய அதே தென் கொரியா. ரஹீம் இன்னொரு மாற்றமும் செய்தார். கோல்கீப்பர் பிரத்யுத் பர்மனை வெளியில் அமர்த்தி, உயரமான பீட்டர் தங்கராஜை இறக்கினார். தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடிய அரங்கம் இந்தியாவை எதிர்த்து முழங்கிற்று. அம்முழக்கத்தினிடையே இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள், அங்கு வந்திருந்த பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்று நம் வீரர்கள் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியுள்ளனர். போர்களும் பூசல்களும் நிறைந்த வரலாற்றில் இத்தகைய செய்தியை இளைஞர்க்கு எடுத்துச் சொல்வது நம் கடமை என்றே கருதுகிறேன்.

முந்தைய இரவு வீரர் பலருக்கு உறக்கம் வரவில்லை. ஆசானும் உறங்கவில்லை. வெற்றியை எனக்கு ஒரு பரிசாகத் தாருங்கள் என்னும் பொருள்படத் தம் பிள்ளைகளிடம் அவர் வேண்டினார் என்பர். நுரையீரல் புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. மறுநாள் ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், 20ஆம் நிமிடத்தில், தலைக்கட்டு அவிழாத அதே ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். கொரியர் இறுதிக் கட்டத்தில் ஒன்றைத் திருப்பினர். 2–1 என்று ஆட்டம் முடிந்தது.

சீக்கியரான ஜர்னைல், கிறித்தவர்களான தங்கராஜும் பிராங்கோவும், வங்காளத்து இந்துக்களான சூனியும் பானர்ஜியும் அருண் கோஷும், முஸ்லிமான யூசுப் கான், தமிழரான பலராம் ஆகியோர் அந்த அணியில் ஆடினர். அவர்களைச் சேர்த்து நிறுத்த ரஹீம் சொற்பொழிவு எதுவும் ஆற்றியதாகத் தெரியவில்லை. பந்தைப் பகிர்ந்து ஆடுக என்ற அந்தப் பழைய விதியே போதுமானதாக இருந்தது.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. 1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார். வயது 53. அவரோடு இந்தியக் கால்பந்தும் மண்ணுக்குள் போயிற்று என்ற கருத்தை அவர் மாணவர் பிராங்கோ பிற்காலத்தில் கூறினார். மாணவர் அன்பின் மிகை என்று இதனைத் தள்ளிவிடலாம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடமும், 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலமும் பெற்றோமே என்றும் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் 1970 அணியின் தலைவர் சையத் நயீமுத்தீன் ஹைதராபாத்துக்காரர். பயிற்சியளித்தவர்களுள் ஒருவர் பி.கே. பானர்ஜி. அந்த வெண்கலமும் ரஹீமின் கைப்பட்ட விதையின் விளைச்சலே. அதன்பின் ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை.

பயிற்சியாளர்க்கான துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் தோன்றியது. 1990இல் நயீமுத்தீன் அதனைப் பெற்றார். ரஹீமின் காலத்திலோ, ஆசானைப் பாராட்டும் வழக்கமே நம் விளையாட்டுலகில் இல்லை. கோல் அடித்தவனின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். அவனை எந்த இடத்தில் நிறுத்துவது என்று இரவெல்லாம் எண்ணிப் பார்த்தவனின் பெயர் வராது. ஆகவே ரஹீம் சாகிபின் வரலாறு ஏடுகளில் இருந்ததைவிட, அவரிடம் கற்றவர்களின் நாவிலேயே அதிகம் இருந்தது. பானர்ஜி சொன்னார், சூனி சொன்னார், ஹக்கீம் சொன்னார். கேட்ட இரசிகர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

திரைப்படம் வெளிவருவதற்குள் அந்த நாவுகளுள் பல ஓய்ந்துவிட்டன. தங்கராஜ் 2008இல் மறைந்தார். பானர்ஜியும் சூனியும் 2020இல், ஒருவர் பின் ஒருவராய், ஆறு வார இடைவெளியில் சென்றனர். ஹக்கீம் 2021இல் மறைந்தார். பலராம், தம் எண்பதுகளில், 2023 பிப்ரவரியில் கண்மூடினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்த வாடகை மிதிவண்டிக்குக் காசு கொடுத்த ஆசிரியரைப் பற்றி, தம்மைக் காண வந்தவர்களிடம் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.