சுல்தான் அப்துல் அஜீஸ்: கடனில் மிதந்த கடற்படை

உதுமானியப் பேரரசின் 32-வது சுல்தானான அப்துல் அஜீஸ், 1830-ஆம் ஆண்டில் இஸ்தான்பூல் நகரில் இரண்டாம் மஹ்மூத் அவர்களின் மைந்தராகப் பிறந்தார். தமையனார் அப்துல் மஜீத் 1861-ல் மறைந்ததும் பட்டத்திற்கு வந்தார். நல்ல உடற்கட்டு உடையவர், மல்யுத்தத்தில் விருப்பமுள்ளவர், இசையும் சித்திரமும் கற்றவர். ஆயினும் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை போர்க்கப்பல்களே.

அதற்குத் தக்க காரணமும் இருந்தது. தந்தையார் காலத்தில், 1827-ல், நவரினோ துறையில் இங்கிலாந்து, பிரான்சு, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளும் கூடித் துருக்கிக் கடற்படையை அழித்தன. தமையனார் காலத்தில், 1853-ல், சினோப் துறைமுகத்தில் ரஷ்யரின் வெடிகுண்டுகளுக்கு மரக்கப்பல்கள் இரையாயின. இனி இரும்புக் கவசம் பூண்ட நீராவிக் கப்பல்களே கடலை ஆளும் என்பது உலகுக்கு விளங்கிற்று. மூன்று கண்டங்களில் கரை கொண்ட அரசு கடற்படையை விரும்பியது தவறன்று. கணக்கு எங்கே பிசகியது என்பதையே வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

பட்டமேறிய சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனில் நான்கு பெரிய கவசக் கப்பல்கள் கட்டப்பட்டன. பின்னர் பிரான்சிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1867-ல் சுல்தான் பாரிசுக்கும் லண்டனுக்கும் விஜயம் செய்தார். போர் நோக்கமின்றி மேற்கு ஐரோப்பா சென்ற முதல் உதுமானிய சுல்தான் அவரே. ஸ்பிட்ஹெட் கடலில் விக்டோரியா ராணியுடன் ஆங்கிலக் கடற்படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அவர் ஆட்சியின் இறுதிக்குள் துருக்கியின் கவசக் கப்பற்படை உலகில் மூன்றாவது என்று பேசப்படும் அளவுக்கு வளர்ந்தது.

கப்பலின் விலையை ஒரு முறை கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் நிலக்கரி, குண்டுமருந்து, உதிரி உறுப்புகள், கொதிகலன் பழுது, மாலுமிகளின் சம்பளம் ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவுகள். இயந்திரங்களை இயக்க ஆங்கிலப் பொறியாளர் பலரைச் சம்பளத்துக்கு அமர்த்த நேர்ந்தது. பீரங்கிகளின் வலிமை ஏற ஏற, பத்தாண்டுக்கு முன் வாங்கிய கவசம் பழஞ்சரக்காயிற்று. இஸ்தான்பூலின் பொற்கொம்புத் துறையிலேயே ஒரு கவசக் கப்பல் கட்டி 1872-ல் நீரில் இறக்கினார்கள். அதுவும் லண்டனில் கட்டிய கப்பலைப் பார்த்துக் கட்டியதே.

பணமோ ஐரோப்பியச் சந்தைகளில் எடுத்த கடன். கப்பல்களுக்கு மட்டுமின்றி அரண்மனைகளுக்கும் இரயில் பாதைகளுக்கும் கடன் எடுத்தார்கள். நூறு பவுனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அறுபது பவுன் அளவே கைக்கு வந்த கடன்களும் உண்டு. வட்டியோ நூறு பவுனுக்கும் கட்ட வேண்டும். பழைய வட்டியைக் கட்டப் புதுக்கடன் வாங்கும் நிலையும் வந்தது.

இதன் விளைவை நம் பக்கத்திலேயே கண்டார்கள். 1873-ல் டச்சுக்காரர்கள் அச்சே மீது போர் தொடுத்தபோது, அச்சே சுல்தானின் தூதராக ஹபீப் அப்துர் ரஹ்மான் இஸ்தான்பூல் சென்று உதவி வேண்டினார். துருக்கிப் போர்க்கப்பல்கள் வரப்போகின்றன என்று செய்தி பரவியது. அச்சேயுடன் மிளகு வாணிபம் செய்துவந்த பினாங்கு வணிகர்களுக்கு அது சிறு செய்தியா? ஆனால் ஒரு கப்பலும் வரவில்லை. கடன் கேட்டு நின்ற அரசால் ஐரோப்பிய வல்லரசுகளின் விருப்பத்தை மீற இயலவில்லை. சமரசம் செய்து வைப்பதாக மட்டும் சொன்னார்கள். டச்சுக்காரர்கள் அதையும் மறுத்தார்கள்.

1875 அக்டோபரில், ஏறத்தாழ 20 கோடி பவுன் கடனுக்கு உரிய வட்டியில் பாதியைத்தான் ரொக்கமாகத் தர முடியும் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டில்தான் சுமார் 9,000 டன் எடையுள்ள மெசூதியே என்னும் பெருங்கப்பல் லண்டனில் முடிந்து கடற்படையில் சேர்ந்தது. அதன் ஜோடிக் கப்பலைப் பின்னர் 1878-ல் ஆங்கில அரசே வாங்கிக் கொண்டது.

1876 மே 30 அதிகாலையில் மந்திரிகளும் தளபதிகளும் சுல்தானைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். தரைப்பக்கம் படைவீரர் சூழ, கடற்பக்கம் அரண்மனையை வளைத்து நின்றவை அவர் ஆசையோடு சேர்த்த போர்க்கப்பல்களே. ஜூன் 4-ல் மணிக்கட்டு நரம்புகள் அறுபட்ட நிலையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று அறிவித்தார்கள். கொலை என்று 1881-ல் வழக்கும் நடந்தது. சரித்திர ஆசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

அந்த 1881-ஆம் ஆண்டிலேயே கடன் கொடுத்தவர்களின் நிர்வாக சபை அமைந்து, உப்பு, புகையிலை, முத்திரை, மீன், பட்டு முதலியவற்றின் வருமானத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. மெசூதியே கப்பலை 1914 டிசம்பரில் ஆங்கில நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தார்தனெல்ஸ் நீரிணையில் மூழ்கடித்தது. உதுமானியக் கடனில் தன் பங்கின் கடைசித் தவணையைத் துருக்கிக் குடியரசு கட்டித் தீர்த்தது 1954-ல்தான். கப்பல் போய் நாற்பது ஆண்டுகள் ஆன பிறகே பேரேட்டில் அக்கணக்கு முடிந்தது.