சாட்டன் சிற்றூரின் நாவலாசிரியை

இங்கிலாந்து நாட்டின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அம்மாவட்டத்தைச் சேர்ந்த சாட்டன் என்னும் சிற்றூரில், செங்கல்லால் கட்டப்பெற்ற பழைய வீடு ஒன்று இன்றும் நிற்கின்றது. மாளிகை என்று சொல்லத்தக்க பெருமை ஒன்றும் அதற்கு இல்லை. ஆயினும், உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அதனைக் காண வருகின்றனர். ஆங்கில நாவல் இலக்கியத்தில் அழியாப் புகழ்பெற்ற ஜேன் ஆஸ்டின் அம்மையார் தம் வாழ்நாளின் இறுதி எட்டு ஆண்டுகளை அவ்வீட்டிலேயே கழித்தார். அவருடைய நாவல்கள் அனைத்தும் அங்கேதான் எழுதப்பெற்றன. அல்லது திருத்தி முடிக்கப்பெற்றன.

ஜேன் ஆஸ்டின் 1775ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் ஸ்டீவன்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஆஸ்டின் அவ்வூர்த் திருச்சபையின் குருவாகப் பணிபுரிந்தார். மக்கள் எண்மருள் ஜேன் ஏழாமவர். உடன்பிறந்த ஆண்மக்கள் அறுவர், பெண் ஒருவரே. அவர்தாம் மூத்தவரான கசாண்டிரா. அக்காளும் தங்கையும் உயிருக்குயிராய்ப் பழகினர். இருவரும் பிரிந்திருக்க நேர்ந்த நாள்களில் ஒருவர்க்கொருவர் ஓயாது மடல் எழுதினர். ஜேனுடைய வாழ்வைப்பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அம்மடல்களிலிருந்தே தெரியவருகின்றது.

பள்ளியில் ஜேன் பயின்ற காலம் மிகச் சிறிது. தந்தையாரின் நூலகமே அவருக்குப் பள்ளியாயிற்று. மாலை வேளைகளில் குடும்பத்தினர் ஒன்றுகூடி நூல்களை வாய்விட்டுப் படித்து மகிழ்வது அவ்வீட்டு வழக்கம். அச்சூழலில் வளர்ந்த ஜேன் பன்னிரண்டாம் வயதளவிலேயே நகைச்சுவை ததும்பும் சிறுகதைகளை எழுதத் தொடங்கினார். இருபத்துநான்கு வயது நிரம்புமுன் மூன்று நாவல்களின் முதல் வடிவங்களை எழுதிவிட்டார். அவற்றுள் ஒன்றினை வெளியிட விருப்பமுண்டோ என்று கேட்டு, 1797ஆம் ஆண்டில் தந்தையார் இலண்டன் மாநகரப் பதிப்பாளர் ஒருவருக்கு எழுதினார். கையெழுத்துப் படியைப் பார்க்கவும் விரும்பாத அப்பதிப்பாளர் உடனே மறுத்துவிட்டார். மறுக்கப்பட்ட அந்நாவலே பின்னாளில் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்னும் பெயருடன் உலகப்புகழ் பெற்றது.

1801ஆம் ஆண்டில் தந்தையார் தம் பணியைவிட்டு ஓய்வு பெற்றுக் குடும்பத்துடன் பாத் என்னும் நகருக்குச் சென்றார். பிறந்து வளர்ந்த ஊரைப் பிரிந்த ஜேனுக்கு அந்நகர வாழ்வு ஒத்துவரவில்லை. 1802ஆம் ஆண்டில் செல்வக் குடியிற் பிறந்த இளைஞர் ஒருவர் அவரை மணக்க விரும்பினார். ஜேன் முதலில் இசைந்தார். ஆனால், அன்பில்லாத மணம் நன்மை தாராது என்று தெளிந்து மறுநாட்காலையிலேயே தம் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அக்காலத்தில் அவர்போன்ற குடும்பத்துப் பெண்கள் பொருளீட்டுவதற்கு வழிகள் மிகக் குறைவு. மணத்தை மறுத்தல் வறுமையை ஏற்றுக்கொள்ளுதலுக்கு ஒப்பாகும். அதனை நன்கறிந்தே அவர் அம்முடிவினை மேற்கொண்டார்.

1803ஆம் ஆண்டில் அவருடைய நாவல் ஒன்றைப் பதிப்பாளர் ஒருவர் 10 பவுன் கொடுத்து வாங்கினார். ஆனால், அதனை அச்சிடாமலே போட்டுவைத்தார். 1805ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தந்தையார் மறைந்தார். அவரோடு குடும்ப வருவாயின் பெரும்பகுதியும் மறைந்தது. தாயும் பெண்மக்கள் இருவரும் ஆண்மக்கள் அனுப்பிய பொருளைக்கொண்டு, ஊர்விட்டு ஊர் மாறி, வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் காலங்கழித்தனர். அவ்வாண்டுகளில் ஜேன் எழுதியது மிகக் குறைவு. தொடங்கிய நாவல் ஒன்றையும் இடையிலேயே நிறுத்திவிட்டார். நிலைத்த இல்லமும் அமைதியும் இல்லாதபோது எழுதுகோல் எங்ஙனம் ஓடும்?

இத்துன்பக் காலத்தில் அக்குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர் மார்த்தா லாயிட் என்னும் அம்மையார். ஜேனைவிடப் பத்து ஆண்டு மூத்த அவர் இளமை முதலே ஜேனுக்கு உற்ற தோழியாக விளங்கியவர். மஸ்லின் மேலாடை ஒன்றைத் தமக்குத் தைத்து முடித்துத் தந்ததற்கு நன்றியாக, ஜேன் சிறுவயதில் எழுதிய கதை ஒன்றை அவருக்கு உரிமையாக்கியிருந்தார். 1805ஆம் ஆண்டில் தம் தாயை இழந்து தனித்த மார்த்தா, ஆஸ்டின் குடும்பத்தோடு இணைந்தார். பெண்கள் நால்வரும் தத்தம் சிறு பொருளையும் உழைப்பையும் பொதுவில் வைத்து ஒரு குடும்பமாக வாழலாயினர்.

ஜேனின் தமையன்மாருள் எட்வர்டு என்பவர், மக்கட்பேறில்லாத செல்வ உறவினரால் மகவாக ஏற்கப்பட்டுப் பெருநிலங்களுக்கு உரிமையாளராகியிருந்தார். அவர் 1809ஆம் ஆண்டில் சாட்டனில் தமக்குரிய வீடு ஒன்றனைத் தாய்க்கும் தங்கையர்க்கும் அளித்தார். அவ்வாண்டு சூலைத் திங்களில் நால்வரும் அங்குக் குடியேறினர். எட்டு ஆண்டு அலைச்சலுக்குப்பின் ஜேனுக்கு நிலையான இல்லம் கிடைத்தது.

அவ்வீட்டில் வேலைகள் முறையாகப் பகிர்ந்துகொள்ளப்பட்டன. தாயார் எழுபது வயதை எட்டியும் உழவர் அணியும் மேலாடையைப் போன்ற ஒன்றை அணிந்து, தோட்டத்தில் உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிர்செய்தார். சமையலையும் வீட்டு ஆட்சியையும் பணியாளர் துணையோடு கசாண்டிராவும் மார்த்தாவும் மேற்கொண்டனர். ஜேனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை சிறிதே. அவர் காலையில் எழுந்து, பிறர் வருவதற்குமுன் பியானோ வாசித்துப் பழகுவார்; ஒன்பது மணிக்குக் காலையுணவை ஆயத்தம் செய்வார்; தேயிலை, சர்க்கரை, திராட்சை மது ஆகியவற்றின் இருப்பைப் பேணுவார். அதன்பின் எஞ்சிய பொழுது எழுதுவதற்கு உரியதாகும். தங்கையும் தோழியுமான ஒருத்தியின் அறிவாற்றலை உணர்ந்து, அவளுக்குரிய வேலைகளையும் தாமே விரும்பி ஏற்ற அவ்விருவரின் தொண்டு சிறிதன்று.

எழுதுவதற்கென அவருக்குத் தனியறை இல்லை. எல்லோரும் வந்துபோகும் பொதுவறையிலேயே, சன்னலோரத்தில் இட்ட சிறு மேசையின்முன் அமர்ந்து எழுதினார். சிறிய தாள்களையே பயன்படுத்தினார். அயலார் எவரேனும் வந்தால் அவற்றை எளிதில் மறைத்துவிடலாம் அன்றோ? அவ்வறையை அடுத்த கதவு ஒன்று திறக்குந்தோறும் கிறீச்சென்று ஒலிக்கும். அதனைச் செப்பனிடவேண்டா என்று ஜேன் தடுத்துவிட்டார் என்றும், ஆள் வருவதை அவ்வொலி முன்னரே அறிவித்தது என்றும் அவர்தம் தமையனார் மகன் பிற்காலத்தில் எழுதிய வரலாற்று நூல் கூறுகின்றது.

மார்த்தா தம் கையால் எழுதிவைத்த வீட்டுக் குறிப்பேடு ஒன்று இன்றும் சாட்டன் இல்லத்தில் பாதுகாக்கப்படுகின்றது. பலவகை உணவுகளைச் சமைக்கும் முறைகளும், நோய்க்கு மருந்துகளும் அதில் காணப்படுகின்றன. ஜேனின் தாயார் செய்யுள் வடிவிலேயே இயற்றிய இனிப்புப் பண்டச் சமையல் முறை ஒன்றும் அதில் உண்டு. இந்திய முறைப்படி கறி சமைக்கும் வகையும் அதில் எழுதப்பட்டுள்ளது. தமிழ்மொழியின் ‘கறி’ என்னும் சொல் கடல் கடந்து அவ்வாங்கிலச் சிற்றூரின் அடுக்களையையும் எட்டியிருந்தமை அறிந்து மகிழத்தக்கது.

அவ்வீட்டு உணவுகளுள் ஜேனுக்கு உவப்பானது ஆப்பிள் பை என்னும் பணியாரம். கோதுமை மாவையும் வெண்ணெயையும் சேர்த்துப் பிசைந்து தட்டி, அதனுள் ஆப்பிள் துண்டுகளைச் சர்க்கரையுடன் பொதிந்து, சூட்டடுப்பில் பொன்னிறமாக வேகவைப்பர். 1815ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜேன் இலண்டனில் தமையனார் ஹென்றியின் வீட்டில் தங்கியிருந்தார். ‘எம்மா’ என்னும் நாவலை வெளியிடுவதுபற்றிப் பதிப்பாளருடன் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது சாட்டன் வீட்டில் புதிதாகச் சேர்ந்த சமையற்காரி நன்றாக வேலை செய்கின்றாள் என்ற செய்தி அவருக்குக் கிட்டியது. அதற்கு மகிழ்ந்து கசாண்டிராவுக்கு மடல் எழுதிய ஜேன், குடும்ப இன்பத்தில் நல்ல ஆப்பிள் பணியாரத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்று குறிப்பிட்டார். மாநகரின் நடுவிலும் அவர் உள்ளம் வீட்டு உணவையே நாடியது.

எனினும், வீட்டுவேலையும் எழுத்துவேலையும் ஒன்றோடொன்று முரணுவதையும் அவர் அறிந்திருந்தார். 1816ஆம் ஆண்டில் விருந்தினர் பலர் வந்து தங்கிச் சென்றபின், ஆட்டிறைச்சித் துண்டுகளையும் மருந்தின் அளவையும் பற்றிய கவலை நிறைந்த தலையோடு நூல் இயற்றுதல் இயலாதது எனத் தோன்றுவதாக அவர் தமக்கைக்கு எழுதினார். கசாண்டிராவும் மார்த்தாவும் நாள்தோறும் தமக்கு ஈட்டித்தந்த ஓய்வின் அருமை அவருக்கு நன்கு விளங்கியிருந்தது.

அவ்வோய்வின் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ என்னும் முதல் நாவல் 1811ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்தது. நட்டம் நேர்ந்தால் தாமே ஏற்பதாக ஒப்பி அதனை வெளியிட்டார். நூலின் முகப்பில் அவர் பெயர் இல்லை. ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. படிகள் விற்றுத் தீர்ந்தன. 140 பவுன் ஆதாயம் கிடைத்தது. அடுத்து, 110 பவுனுக்கு உரிமை விற்கப்பட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளிவந்தது. அச்சான படி வீட்டிற்கு வந்த அன்று, அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். தாயும் மகளும் புதிய நாவல் ஒன்று வந்திருப்பதாகக் கூறி அதனை அவருக்குப் படித்துக் காட்டினர். அவரும் கதையில் ஈடுபட்டு மகிழ்ந்தார். அதனை எழுதியவர் தம் எதிரிலேயே அமர்ந்திருப்பதை அவர் அறிந்திலர்.

தோழமையில் ஜேன் உயர்வு தாழ்வு கருதியவரல்லர். எட்வர்டின் இல்லத்தில் குழந்தைகளுக்குக் கல்வி கற்பிக்கும் ஆசிரியையாக இருந்தவர் ஆன் ஷார்ப் என்பவர். ஊதியத்திற்குப் பணிபுரியும் அத்தகைய பெண்களைச் செல்வக் குடியினர் தமக்கு நிகராகக் கருதாத காலம் அது. ஜேனோ அவரை நெருங்கிய தோழியாக ஏற்று இறுதிவரை மடல் எழுதினார். ‘எம்மா’ 1815ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்தபோது, ஆசிரியர்க்குரிய படிகள் சிலவே கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆன் ஷார்ப்புக்கு அனுப்பப்பட்டது. அந்நாவல் அந்நாட்டின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசருக்கு உரிமையாக்கப்பட்டதாகும். இளவரசரின் நூலகத் தலைவர், அரச குடும்பம் ஒன்றன் வரலாற்றைக் கதையாக எழுதுமாறு ஜேனுக்கு அறிவுரை கூறினார். புகழும் பொருளும் தரக்கூடிய அவ்வழியை அவர் பணிவோடு மறுத்தார். நாட்டுப்புறக் குடும்பங்களின் வாழ்வே தாம் நன்கறிந்த பொருள் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1816ஆம் ஆண்டில் அவர் உடல் நலிவுற்றது. வீட்டில் சாய்ந்து படுப்பதற்கு ஒரே ஒரு சோபா இருந்தது. அதில் முதிய தாயார் ஓய்வு கொள்வது வழக்கம். ஜேன் சில நாற்காலிகளை வரிசையாக இட்டு அவற்றின்மேல் படுத்துக்கொண்டு, அதுவே தமக்கு வசதி என்று கூறிவந்தார். தாம் சோபாவில் படுத்தால் தாயார் அதனைப் பயன்படுத்தத் தயங்குவார் என்னும் உண்மைக் காரணத்தைச் சிறுமியான தமையன் மகள் ஒருத்தியிடம் மட்டுமே வெளியிட்டார். நோயிடையேயும் 1817ஆம் ஆண்டு சனவரியில் புதிய நாவல் ஒன்றைத் தொடங்கினார்; மார்ச்சுத் திங்களில் எழுதுகோலைக் கீழே வைத்தார். மருத்துவம் பெறும்பொருட்டு மே மாதத்தில் வின்செஸ்டர் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு 1817ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள், தமக்கையின் அரவணைப்பிலே, நாற்பத்தொன்றாம் வயதில் உயிர்நீத்தார். பெண்கள் இறுதி ஊர்வலத்தில் செல்லாமை அக்கால வழக்கமாதலின், கசாண்டிரா தெருமுனையில் ஊர்வலம் மறையும்வரை வீட்டினின்றே பார்த்து நின்றார். பின்னர்த் தங்கையின் கூந்தலிலிருந்து சிறிதளவு எடுத்து, நினைவுப் பொருளாக ஆன் ஷார்ப்புக்கு அனுப்பிவைத்தார்.

வின்செஸ்டர்ப் பெருங்கோயிலில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் அவருடைய நற்குணங்கள் போற்றப்பட்டுள்ளன. ஆனால், அவர் நாவல்கள் எழுதியவர் என்ற செய்தி இல்லை. அவ்வாண்டின் இறுதியில் எஞ்சிய இரு நாவல்களையும் வெளியிட்டபோதுதான் ஹென்றி ஆசிரியர் பெயரை உலகிற்கு அறிவித்தார். அவ்விரண்டனுள் ஒன்று, முன்பு 10 பவுனுக்கு விற்கப்பட்டு அச்சேறாமற் கிடந்த நாவலே ஆகும். 1816ஆம் ஆண்டில் அதே விலையைக் கொடுத்து அது மீட்கப்பட்டிருந்தது. இரு நூற்றாண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டில், இங்கிலாந்து வங்கி ஜேன் ஆஸ்டின் உருவம் பொறித்த 10 பவுன் பணத்தாளை வெளியிட்டது.

ஜேன் ஆஸ்டின் போர்க்களம் கண்டவரல்லர், அரசவையில் வீற்றிருந்தவரல்லர். சிறுவீடு ஒன்றில், காலையுணவும் தோட்டமும் ஆப்பிள் பணியாரமும் நிறைந்த எளிய வாழ்வினின்றே உலகம் போற்றும் நாவல்களைப் படைத்தார். அவர்தம் அறிவும் உழைப்பும் அதற்குக் காரணமாகும். அவர் எழுதுவதற்குரிய பொழுதைத் தம் உழைப்பால் ஈந்த தமக்கையும் தோழியும் அப்புகழிற் பங்குடையர் என்பதையும் மறத்தல் கூடாது. அருஞ்செயல் புரிவார்க்குத் துணைநின்று அவர்தம் சுமையைத் தாங்குதலும் ஓர் அருஞ்செயலே ஆகும்.